எல்லாம் ஏலும் என்றார் அண்ணை

நான் குழாய் வேலை செய்கிறவன். வீடு வட லண்டன் எட்மண்டனில். லண்டனின் எந்த மூலையில் கழிவுக் குழாய் அடைத்தாலும் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய், முழங்கை வரை கையை விட்டுப் பிழைக்கிறவன். அதனால் அருவருப்பு என்ற சொல்லை நான் சும்மா வாயில் வைப்பதில்லை. அடுத்தவர் வீட்டு மலசலம்தான் எனக்குச் சோறு போடுகிறது. வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அந்த வீட்டுக்காரர் தருகிற தேநீரையும் பிஸ்கட்டையும் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். எனக்கு உண்மையாகக் குமட்டியது வேறோர் இடத்தில். அங்கே நல்ல கம்பளம் விரித்திருந்தது, மேசையில் கண்ணாடிச் சாடியில் தண்ணீர் வைத்திருந்தது, எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள்.

இது என் அண்ணையின் கதை. பெயர் போடமாட்டேன். யாரென்று தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு வேலை இருந்தால் பார்க்கவும். இந்த நகரத்தில் இப்படி எத்தனையோ அண்ணைமார் இருக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் முதலில் ஜெர்மனிக்குத்தான் வந்தோம். அண்ணை அங்கே ஒரு பேக்கரியில் பல வருடம் வேலை செய்தார். ஜெர்மன்காரரோடு ஜெர்மனில் சண்டை பிடிக்கிற அளவுக்கு மொழி வந்துவிட்டது. பிறகு, மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று எல்லாரையும் போல லண்டனுக்கு மாறி, லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில் சிறிய கடை ஒன்று போட்டார். கோவிலில் அன்னதானம் என்றால் வரிசையை ஒழுங்குபடுத்துவது அண்ணைதான். வெள்ளை வேட்டி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய சால்வை, அதட்டுகிற குரல். பெனிபிட் என்று அரசாங்கம் தருகிற உதவிப் பணம் எடுக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "உழைக்காமல் தின்னுறாங்கள், வெக்கம் கெட்டவங்கள்," என்று கடையில் நின்று பலருக்கும் கேட்கச் சொல்வார். அப்படிச் சொன்னபோது அங்கே சாமான் வாங்கிக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேர் பெனிபிட் எடுப்பவர்கள்.

பக்கவாதம் அந்தக் கடையில் வைத்துத்தான் வந்தது. அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே அதன்மேல் சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. தமிழ் வந்தது, ஜெர்மன்கூட வந்தது, கடையில் பேசிப் பழகிய ஆங்கிலம் மட்டும் வரவில்லை. சிறுநீர்க் கட்டுப்பாடும் வரவில்லை. கடையை வந்த விலைக்கு விட்டோம்.

பெனிபிட்டுக்கு விண்ணப்பித்தது அண்ணி. அண்ணை கையெழுத்துப் போட மறுத்து இரண்டு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் இடது கையால் கிறுக்கினார். முதல் தடவை அதிகம் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். அது கிடைத்தபடியால் அவரைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று அண்ணிக்கும் ஓர் உதவித்தொகை கிடைத்தது. அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் செய்துகொண்டிருந்த ஷிப்டை விட்டுவிட்டு வீட்டில் நின்றார். மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலை. ஆகவே வீட்டில் அவர்கள் இருவர்தான்.

அண்ணையைத் தூக்கி, கழுவி, பம்பர்ஸ் மாற்றி, உடுப்புப் போடுவது எல்லாம் அண்ணி. வேறு ஒருவரும் தொடக்கூடாது. நான் கூடப் பிறந்தவன், இந்த வேலைக்கு மூக்குச் சுளிக்காதவன், இருந்தும் என்னை விடமாட்டார். "நீ போய்க் குழாயைப் பார்," என்பார். அண்ணி வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். கழுவும்போது இருவரும் உள்ளே ஏதோ கதைத்துச் சிரிப்பது வெளியே இருக்கிற எனக்குக் கேட்கும். அண்ணை சிரிக்கக்கூடிய ஆள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

சில வருடம் கழித்து, மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. ஒரு பெண் வீட்டுக்கு வருவார், பார்ப்பார், கேட்பார் என்று இருந்தது. இங்கேதான் எங்கள் சனத்துக்கே உரிய கூத்து நடந்தது.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்களுக்கு வீடு வீடாக இருக்க வேண்டும். அண்ணி விடிய எழும்பி வீட்டைத் துடைத்தார். அண்ணையைக் குளிப்பாட்டி, முகம் வழித்து, மகளின் பட்டமளிப்புக்கு வாங்கிய சேர்ட்டைப் போட்டு, திருநீறு பூசி, சோபாவில் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு மலசலம் போகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த கொமோட் கதிரையை பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய் பெட்ஷீற்றால் மூடினார். நாலு கால் ஊன்றுகோலும் அதோடு போனது. பம்பர்ஸ் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. மணக்கக்கூடாது என்று சாம்பிராணி வேறு காட்டினார். அந்தப் பெண் வந்ததும் தேநீரும் வடையும் கொடுத்து, தன் சலவைப் பகுதி ஆங்கிலத்தில் சமாளித்தார். அந்தப் பெண் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, அண்ணை இருக்கிற இரண்டு ஆங்கிலச் சொற்களில் நன்றாக இருக்கிறேன், நன்றி என்று சொல்லிச் சிரித்தார்.

அறிக்கை வந்தது. நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன். வீட்டில் உதவி உபகரணங்கள் எதுவும் காணப்படவில்லை. உடை நேர்த்தியாக இருந்தது. முகம் வழிக்கப்பட்டிருந்தது. சிரித்தார். வலி இருப்பதாகத் தெரியவில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முடிவு: உதவி தேவையில்லை, பெனிபிட் நிறுத்தம்.

"கொமோட்டை ஏன் மறைச்சனீங்கள் அண்ணி?" என்று கேட்டேன்.

"வாற ஆள் என்ன நினைக்கும் தம்பி? வந்து இருக்கிற இடத்தில அதையோ பாக்கிறது? தேத்தண்ணி குடுக்கிறம், பக்கத்தில அது இருந்தால் வடிவே?"

எனக்கு அண்ணிமேல் கோபம் வரவில்லை. நான் இருந்தாலும் மறைத்திருப்பேன். அந்தப் பெண்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து எத்தனை கடிதம் அனுப்பியிருந்தோம். வலது பக்கம் செத்துப்போன ஒரு மனிதன் எதிரே இருக்கிறான். அவள் கண்ணுக்குப் பட்டது சேர்ட்டின் இஸ்திரி. கழிப்பறை எங்கே, எப்படிப் போகிறார், ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்கவில்லை. எழும்பி நடந்து காட்டச் சொல்லவில்லை. வடையை மட்டும் இரண்டு சாப்பிட்டிருக்கிறாள்.

உதவித்தொகை நின்றதும் அண்ணி பழைய ஷிப்டுக்குத் திரும்பிப் போனார். விடியப் போனால் பின்னேரம்தான் வருவார். போகுமுன் அண்ணையைக் கழுவி, பம்பர்ஸ் மாற்றி, கதிரையில் இருத்தி, பிளாஸ்கில் தேநீர், கிண்ணத்தில் சோறு, கரண்டி, டீவி ரிமோட் எல்லாவற்றையும் இடது கைப் பக்கம் வைத்துவிட்டுப் போவார். மதியத்துக்கு முன்பே பம்பர்ஸ் நனைந்துவிடும். அண்ணி திரும்பி வரும்வரை அந்த ஈரத்திலேயே இருப்பார். அந்தப் பக்கம் வேலை கிடைக்கிற நாட்களில் நான் இடையில் போய்ப் பார்ப்பேன். மாற்றிவிடுகிறேன் அண்ணை என்று கெஞ்சியிருக்கிறேன். "அவ வரட்டும்," என்பார். வேறு பேச்சு இல்லை. தொடையில் தோல் கழன்று புண் வந்தது. வீட்டில் பகல் முழுவதும் அண்ணி நிற்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அத்தனை பாடும்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். ஆனால் நேரே போக முடியாது. முதலில், மறுத்த அதே அலுவலகத்திடமே, ஐயா இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டோம். பார்த்தார்களாம். முதலில் எழுதியதையே கொஞ்சம் இடம் மாற்றி எழுதி அனுப்பினார்கள். அதற்கே ஒரு கோடை போய்விட்டது. அதன்பிறகுதான் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க விட்டார்கள்.

அந்த விண்ணப்பத்துக்கு உதவியவர் இலவச சட்ட ஆலோசனை நிலையமொன்றில் வேலை செய்த மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் மேசையில் இருந்த கோப்புகளின் உயரத்தைப் பார்த்து, எங்களுடையது எதற்கு அடியில் என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க," என்றார். "ஹியரிங் வரைக்கும் போறவங்கள்ல பாதிக்கு மேல ஜெயிக்கிறாங்க. நான் சும்மா சொல்லல. என் கையால போன கேஸ்ல தோத்தது ரொம்பக் குறைவு."

"அப்ப ஏன் முதலிலயே இல்லை எண்டு சொல்லுறாங்கள்?"

"எல்லாரும் ஹியரிங் வரைக்கும் போறதில்லையே. பாதி வழியில விட்டுடுவாங்க. சில பேரு நோய் கூடிப் போய்ச் சேர்ந்துடுறாங்க. சில பேருக்கு இந்தக் கடிதாசி எல்லாம் புரியாது. நீங்க விட்டுடாதீங்க, அவ்வளவுதான் நான் சொல்றேன்."

இதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார், மழை வரும் குடை எடுங்கள் என்பது போல. வெளியே வந்து வானுக்குள் இருந்து யோசிக்க யோசிக்க எனக்கு நெஞ்சு கசந்தது. போனால் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. மறுக்கிறவர்களுக்கும் தெரியும். பிழையாக மறுத்ததற்கு அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. காத்திருக்க முடியாதவன் கழன்றுவிடுவான், அது அவர்களுக்கு லாபம். ஒரு வீட்டில் குழாய் அடைத்திருக்கிறது என்று கூப்பிட்டால் நான் ஒரு வருடம் கழித்துப் போய், இன்னும் மணக்கிறதா என்று கேட்டால் என்னைச் செருப்பால் அடிப்பார்கள். இவர்களுக்கு மட்டும் அதுதான் நடைமுறை.

காத்திருந்தோம். ஒரு வருடத்துக்கு மேல். போன் எடுத்தால் பாட்டுப் போடுவார்கள், பிறகு உங்கள் வழக்கு வரிசையில் இருக்கிறது என்பார்கள். ஒரு முறை திகதி கொடுத்து, முதல் நாள் அழைத்து, விசாரணைக் குழுவில் இருக்க வேண்டிய வைத்தியர் கிடைக்கவில்லை, ஒத்திவைக்கிறோம் என்றார்கள். அன்றைக்கு அண்ணி சலவைப் பகுதியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்திருந்தார். இதற்கிடையில் அண்ணை கோவிலுக்குப் போய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. அங்கே சிலர் என்னிடம், "அண்ணைக்குச் சுகம் வந்திட்டுதாம், பெனிபிட்டை வெட்டிப்போட்டாங்களாம்," என்று விசாரித்தார்கள். சுகம் விசாரிக்கிற முகம் இல்லை அது.

விசாரணை நகரத்தின் நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். அந்த மலேசியப் பெண்ணின் நிலையம் விசாரணைக்கு ஆள் அனுப்புவதில்லை; நான்தான் அண்ணையையும் அண்ணியையும் வானில் கூட்டிக்கொண்டு போனேன். கட்டட வாசலில் தந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மூன்று பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நடுவில் நீதிபதி, ஒரு பக்கம் வைத்தியர், மறுபக்கம் ஊன்றுகோல் வைத்திருந்த ஓர் அம்மா. அவர் இந்த விஷயங்களை அனுபவத்தில் தெரிந்தவராம். பெனிபிட் அலுவலகத்துக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தது. அதில் ஒருவரும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் எங்களை அலைக்கழித்தவர்களுக்கு அன்றைக்கு வந்து தங்கள் முடிவை நியாயப்படுத்த ஓர் ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். தமிழ்ப் பெண், நடுத்தர வயது, கறுப்புக் கோட்டு. அண்ணையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. அண்ணையின் முகமும் மாறியது. விண்ணப்பத்தில் எந்த மொழி என்று கேட்டிருந்த இடத்தில் தமிழ் என்று போட்டிருந்தோம். தமிழருக்குத் தமிழ்தானே என்று ஒருவரும் இரண்டாம் தடவை யோசிக்கவில்லை. வரப்போகிறவர் எங்கிருந்து வருவார் என்று யோசித்திருக்க வேண்டும்.

நீதிபதி அவரிடம், இவர்களை முன்பே தெரியுமா என்று கேட்டார். கோவிலில் கண்டிருக்கிறேன், அன்னதானத்தில் எங்களை வரிசையில் நிற்க வைத்தவர், பேசிப் பழக்கம் இல்லை என்று அவர் நேர்மையாகச் சொன்னார். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி எங்களைக் கேட்டார்.

அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, ஜெர்மன் கதைக்கிற ஆளைக் கேள். ஜெர்மனில நான் எல்லாம் சொல்லுவன்."

எனக்கு விளங்கியது. ஜெர்மனில் சொன்னால் அது யாரோ ஒருவனுடைய உடம்பு. கேட்கிறவரும் யாரோ. நான் நீதிபதியிடம் கேட்டேன். மூவரும் குனிந்து பேசினார்கள். நியாயமான கோரிக்கைதான், ஒத்திவைத்துவிட்டு ஜெர்மன் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யலாம், புதிய திகதி தபாலில் வரும், எப்போது என்று இப்போது சொல்ல முடியாது, பல மாதம் ஆகலாம் என்றார் நீதிபதி.

மாதம் என்ற சொல் அண்ணிக்கு விளங்கிவிட்டது. "இல்லைத் தம்பி, வேண்டாம். இன்னொரு பனிக்காலம் இவரை இப்பிடி ஈரத்தில இருக்க விட்டிட்டுப் போக என்னால ஏலாது. இண்டைக்கே கேக்கச் சொல்லுங்கோ."

அண்ணை என் சட்டைக் கையை விட்டார். பிறகு, "சரி, தொடங்கட்டும்," என்றார்.

தொடங்கினார்கள். ஒவ்வொரு கேள்வியையும் அந்தப் பெண் தணிந்த குரலில் தமிழில் சொன்னார்.

"உடுப்பு நீங்களே போடுவீங்களோ அண்ணை?"

"ஏலும்."

"ஒருத்தரும் உதவி செய்யத் தேவையில்லையோ?"

"ஏலும் எண்டு சொன்னனான்."

"குளிக்கிறது?"

"ஏலும்."

"பாத்ரூமுக்குப் போறது, வாறது?"

"ஓம். அதெல்லாம் ஏலும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மலேசியப் பெண் எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், ரொம்ப மோசமான நாளை நினைச்சுச் சொல்லுங்க என்று. அண்ணை மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். நீதிபதி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. செத்த கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வரிசையை ஒழுங்குபடுத்துகிற பழைய குரலில் ஏலும், ஏலும் என்றார். உடம்பில் இருந்து அப்போதே மூத்திர வாடை வரத் தொடங்கியிருந்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்திருக்கும். நாகரிகமானவர்கள், ஒருவரும் முகத்தில் காட்டவில்லை.

நான் வாயைத் திறந்தேன். உங்களுக்கும் நேரம் தருவோம், முதலில் அவர் பேசட்டும் என்றார் நீதிபதி. வைத்தியர் கோப்பைப் புரட்டி, ஆஸ்பத்திரிக் கடிதங்களில் வேறு மாதிரி இருக்கிறதே, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அன்பாகக் கேட்டார். அண்ணை இல்லை என்று தலையாட்டினார்.

அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை உயர்த்தினார்.

"நான் சொல்லட்டோ?"

அண்ணை திரும்பி அவரைப் பார்த்தார். "வாயை மூடு."

இதை மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று அந்தப் பெண் தடுமாறி, மொழிபெயர்த்தார். நீதிபதி தண்ணீர்க் கிளாஸை அண்ணியின் பக்கம் தள்ளி, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணி சொன்னார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் நாலு பேர் முன்னால் தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. காலையில் எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்ப்பது, மலம் போன நாளில் எத்தனை துண்டு நனைத்துத் துடைப்பது, தொடைப் புண்ணில் எந்தக் களிம்பு, இரவில் பெட்ஷீற் மாற்ற அவரை எப்படி உருட்டுவது. மாதவிடாய் நின்ற பிறகு வீட்டில் நாப்கின் பெட்டிகள் இருக்காது என்று நினைத்தேன், இப்போது அவருக்குப் பம்பர்ஸ் பெட்டி அடுக்கி வைக்கிறேன் என்றார். கொமோட் கதிரையை பால்கனியில் மறைத்ததையும் சொன்னார். இவர் அழுவார், தலையணைக்குள் முகத்தை வைத்து அழுவார், நான் கேளாத மாதிரி இருப்பேன் என்றதையும் சொன்னார்.

மொழிபெயர்க்கிறவர்கள் சொல்பவரின் வாயாகவே பேச வேண்டுமாம். அது அவர்கள் தொழில் முறை. அதனால் அந்தக் கோவில் பெண், உணர்ச்சி இல்லாத நல்ல ஆங்கிலத்தில், நான் அவரைத் துடைக்கிறேன், நான் அவருக்குக் கழுவுகிறேன், நான் அவர் அழுவதைக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார். அண்ணைக்கு ஆங்கிலம் போய்விட்டது என்று முன்பு சொன்னேன். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்குக் குமட்டியது அந்த நேரத்தில்தான். அந்த மூவர்மேலும் குற்றம் இல்லை. வைத்தியரின் கண் கலங்கியிருந்தது. ஆனால் ஒரு மனுசியின் வாயில் இருந்து இத்தனையையும் பிடுங்கி எடுத்தால்தான் நம்புவோம் என்று ஒரு நாடு சட்டம் போட்டு, கட்டடம் கட்டி, கம்பளம் விரித்து வைத்திருக்கிறதே. கோப்பில் இருந்த கடிதங்களில் அத்தனையும் இருந்தது. முதல் நாளே யாராவது ஆற அமர வாசித்திருந்தால் இந்த அறைக்கே நாங்கள் வந்திருக்க வேண்டியதில்லை. இதைவிட மோசமான சாக்கடையை நான் திறந்து பார்த்ததில்லை.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். ஒரு தேநீர் குடித்து முடிக்கவில்லை, திரும்பக் கூப்பிட்டார்கள். மேல்முறையீடு ஏற்கப்பட்டது. எல்லாவற்றிலும் உயர்ந்த நிலையில் உதவி உண்டு. இவ்வளவு காலம் காத்திருக்க வைத்ததற்கு வருந்துகிறேன் என்றார் நீதிபதி. உண்மையாகவே வருந்தினார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணி மட்டும் மூவருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டார்.

வெளியே நடையில் மொழிபெயர்த்த பெண் எங்கள் பின்னால் ஓடிவந்தார். "அண்ணை, அக்கா, நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். எங்கட வேலையில அது சத்தியம் மாதிரி." நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லவும் இல்லை, இன்றுவரை ஒருவர் வாயிலும் அது வந்ததாக நான் அறியவில்லை. ஆனால் அண்ணை அந்தச் சொல்லைக் கேட்டதும் கோட்டுக் கொலரை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வானில் வரும் வழி முழுவதும் அப்படியே இருந்தார்.

அண்ணி அடுத்த கிழமையே சலவைப் பகுதிக்குச் சொல்லிவிட்டு நின்றுவிட்டார். நான் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன், வென்றுவிட்டோமே என்று. அண்ணை அறைக் கதவைச் சாத்தியிருந்தார்.

அவர் அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான். கழுவ விடவும் இல்லை. அண்ணி தண்ணீர்ப் பாத்திரத்தோடு உள்ளே போனால் கட்டில் சட்டத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். ஒரு நாள் அண்ணி அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் கேட்டேன். "கவுன்சிலிட்டச் சொல்லி ஆரையும் அனுப்பச் சொல்லு. தமிழ் ஆள் வேண்டாம்," என்றார். வேறு வழி தெரியாமல் நான்தான் நகரசபைக்குப் போன் எடுத்து அதையும் ஒழுங்கு செய்தேன்.

இப்போது காலையும் மாலையும் ஒரு போலந்துக்காரர் வருகிறார். நல்ல மனிதர், பலசாலி, வேலையைச் சுத்தமாகச் செய்வார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அண்ணை அவரிடம் ஜெர்மனில் ஏதோ சொல்வார், அவர் விளங்காமலே தலையாட்டுவார். காலையில் அவர் போனால் பிறகு மாலையில்தான். இடைப்பட்ட நேரத்தில் அண்ணை நனைந்தால் நனைந்தபடியே இருக்கிறார். அண்ணி பக்கத்து அறையில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறார். அண்ணை கூப்பிடுவதில்லை.

போன கிழமை லூயிஷாமில் ஒரு வேலை முடித்து, மதியம் எட்டிப் பார்த்தேன். அண்ணி குசினிக் கதிரையில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கதவைத் தாண்டி அந்த வாடை எனக்கு வந்தது, அவருக்கும் வந்திருக்கும். தேநீர் போட்டுத் தந்துவிட்டு, சத்தம் வெளியே போகாதபடி தணிந்த குரலில் கேட்டார்:

"தம்பி, நான் திரும்ப வேலைக்குப் போகட்டோ?"